டோபா கடற்கரை: முத்தும் மூச்சும்

ஜப்பானின் நகோயாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் டோபா வந்துவிடும். மியே மாநிலத்தின் ஷிமா தீபகற்பத்தில் உள்ள இந்தச் சிறு துறைமுக நகருக்கு வருகிறவர்கள் பலரும் ஷிண்டோ சமயக் கோயிலான இசே பேராலயத்தைத் தரிசித்த கையோடு கடலோர விடுதியொன்றில் ஓர் இரவு தங்கி, வெந்நீர்த் தொட்டியில் குளித்து, சிங்கி இறால் விருந்துண்டு, மறுநாளே ஒசாகாவுக்கோ கியோட்டோவுக்கோ திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. ஆலயத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். மிச்சமுள்ள பொழுதையெல்லாம் விடுதியைச் சுற்றியுள்ள கடலுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கரையில் பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, யாரோ சிலர் அந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலைதான்.

டோபாவைச் சுற்றியுள்ள கரை நேராக ஓடுவதில்லை. ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குகளாக இருந்த இடங்களில் கடல் ஏறிப் புகுந்துகொண்டதால், கரை முழுவதும் குறுகிய கழிகளும் காடடர்ந்த மேடுகளும் தீவுகளுமாக உடைந்து கிடக்கிறது. 1946ஆம் ஆண்டு இப்பகுதி இசே-ஷிமா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அலை அடங்கிய இந்தக் கழிகளே சிப்பி வளர்ப்புக்குத் தோதானவை. எங்கள் அறையின் சன்னலைத் திறந்தால், கம்புகளைச் சட்டமாகக் கட்டி மிதக்கவிட்ட தெப்பங்களும், அவற்றுக்கிடையே படகை நிறுத்திவிட்டுக் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும் ஆட்களும், தீவுகளுக்குச் சென்று திரும்பும் நகராட்சியின் பயணிகள் படகும் தெரிந்தன.

விடுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இத்தகைய விடுதிகளில் இரவு உணவுக்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் அதில் மாற்றம் இருக்காது; தாமதமாகப் போய்ச் சேர்ந்து சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் நம்பிக்கை அங்கே செல்லாது. அறையில் மடித்து வைத்திருக்கும் யுகாத்தா என்னும் பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு உணவுக்கூடத்துக்கே போகலாம். இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பொதுக் குளியலறையில் துணியின்றித்தான் இறங்க வேண்டும் என்பதில் தயக்கமுள்ளவர்கள், குடும்பத்துக்கென மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் தனிக் குளியலறை உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரியது. காய்கறியாகவே கண்ணுக்குத் தெரியும் பண்டத்திலும் மீன் வடித்த சாறு கலந்திருக்கும். எங்களுடன் வந்த என் மாமியார் சுத்த சைவம். சோற்றையும் டோஃபுவையும் வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த பருப்புப்பொடியால் அவர் சமாளித்தார்.

டோபா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், சிறு பாலம் ஒன்றால் கரையோடு இணைக்கப்பட்டுள்ளது மிக்கிமோட்டோ முத்துத் தீவு. 1858ஆம் ஆண்டு டோபாவில் ஊடோன் என்னும் நூடுல்ஸ் விற்ற கடைக்காரரின் மகனாகப் பிறந்த மிக்கிமோட்டோ கோகிச்சி, இந்தத் தீவில்தான் 1893ஆம் ஆண்டு, சிப்பியின் ஓட்டோடு ஒட்டி வளர்ந்த அரைவட்ட முத்துகளை மனித முயற்சியால் விளைவித்துக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு, நுண்ணுயிர்கள் பெருகிக் கடல் சிவந்துபோகும் செந்நீர் பரவி, அவர் வளர்த்துவந்த சிப்பிகளில் பெரும்பகுதி மடிந்துபோயிருந்தது. கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. எஞ்சியிருந்த சிப்பிகளைத் திறந்து பார்த்தபோது அவருடைய மனைவி ஊமே உடனிருந்தார் என்பதை அங்குள்ள நினைவகம் மறக்காமல் சொல்கிறது. முழு உருண்டை முத்துக்கான வழிமுறையை மிசே, நிஷிகாவா ஆகிய வேறு இருவரும் பிறகு தனித்தனியே கண்டறிந்தார்கள். ஆனால் உலகச் சந்தையில் நிலைத்த பெயர் மிக்கிமோட்டோவுடையதே. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அவர் செய்வித்த, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முத்துகள் பதித்த, அமெரிக்க விடுதலை மணியின் மாதிரியை இங்கே பார்க்கலாம். வேலைப்பாடு அபாரம்தான், எனினும் அதன் முன்னால் எனக்கு அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

நின்று பார்க்க வேண்டியது, முத்து எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் பகுதி. சிப்பியைக் கொல்லாமல் விரலளவு மட்டும் திறந்து ஆப்பு வைத்து, அதன் உள்ளுறுப்பில் மெல்லிய கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் ஒரு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் தசையிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டையும் ஒன்றையொன்று தொடும்படி வைக்கிறார்கள். அந்தத் தசைத்துண்டு வளர்ந்து மணியைச் சூழ்ந்து பையாகி, அடுக்கடுக்காக முத்துப் பொருளைச் சுரக்கிறது. மணல் துகள் உள்ளே போய் முத்தாகிறது என்று நாம் பள்ளியில் படித்த கதை இங்கே எடுபடாது. தசைத்துண்டு இல்லையேல் முத்து இல்லை. உள்ளே வைக்கும் மணி பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து கடையப்படுவது. முத்து எடுப்பதற்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. நீர் குளிரக் குளிரச் சிப்பி மெதுவாகச் சுரக்கிறது; அடுக்குகள் மெலிந்து நெருங்குகின்றன; பளபளப்பு கூடுகிறது.

தமிழருக்கு இங்கே இன்னொரு நெருக்கமும் இருக்கிறது. அகோயா என்று ஜப்பானியர் அழைக்கும் இந்தச் சிப்பி, மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிக்கு மிக நெருங்கிய இனம். இரண்டையும் ஒரே இனமாகக் கொள்வோரும் உண்டு. கொற்கையின் புகழுக்குக் காரணமான முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். தொழில்நுட்பம் கைக்கு வந்தும் அங்கே அது ஒரு தொழிலாக வேரூன்றவில்லை. டோபாவின் கழிகளைப் பார்த்தபோது அதற்கான காரணங்களில் ஒன்று புலப்பட்டது. மூன்று பக்கமும் மேடுகள் மறைத்த இவ்வளவு அமைதியான நீர், திறந்து கிடக்கும் நம் கரையில் அரிது.

அதற்காக இவர்களுக்கு எல்லாம் எளிதாக அமைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2019இல் மியே, எஹிமே மாநிலங்களில் இளஞ்சிப்பிகள் பெருமளவில் செத்துப்போயின. ஒரு வைரஸே காரணம் என்பது பின்னர் கண்டறியப்பட்டது. சன்னல் வழியே பார்க்கும்போது தெப்பங்கள் ஆடாமல் அசையாமல் நிம்மதியாகக் கிடப்பதாகத் தோன்றும். அவற்றின் கீழே தொங்குவது ஒரு குடும்பத்தின் பல ஆண்டு முதலீடு.

மூச்சடக்கிக் கடலில் முங்கித் தொழில் செய்யும் பெண்களுக்கு அமா என்று பெயர். முத்துத் தீவில் நேரம் குறித்து நடத்தப்படும் அவர்களின் முங்குதல் நிகழ்ச்சியை, சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். வேடிக்கைதான். நிஜத் தொழிலில் இருக்கும் அமாக்கள் பல ஆண்டுகளாக ரப்பர் உடையில்தான் கடலில் இறங்குகிறார்கள். இங்கே மட்டும் பழைய வெள்ளுடை. ஆனால் இந்தத் தீவில் அவர்களுக்கு இடம் உண்டானதற்கு நியாயம் இருக்கிறது. தெப்பங்கள் வருவதற்கு முன், கடலடியிலிருந்து சிப்பிகளைப் பொறுக்கி வந்தவர்களும், மணி வைத்த சிப்பிகளைத் திரும்பக் கொண்டுபோய் அடியில் பரப்பியவர்களும், செந்நீர் வந்தால் ஓடிப்போய் இடம் மாற்றியவர்களும் இவர்களே. தலை மேலே வந்ததும் இவர்கள் உதட்டைக் குவித்து மூச்சை விடும் ஓசை, நீண்ட சீழ்க்கையாகக் கரைவரை கேட்கிறது. ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கி, தேடி, பெயர்த்து, ஏறிவிட வேண்டும். அந்த மூச்சைத் திடீரென்று விட்டால் நெஞ்சு தாங்காது.

ஓசாட்சு என்னும் மீனவ ஊரில், அமாக்கள் குளிர்காயும் குடிலில் அமர்ந்து அவர்கள் சுட்டுத் தரும் சங்கினங்களை உண்ண முடிகிறது. முன்பதிவு தேவை. நடுவில் கரியடுப்பு, சுற்றிலும் தாழ்வான இருக்கைகள், சுவரில் கூடையும் வலையும். எங்களுக்கு முன்னால் அமர்ந்து அடுப்பைக் கிளறிய பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய வெள்ளைத் தலைத்துணியில் கருநூலால் இரண்டு குறிகள் தைக்கப்பட்டிருந்தன. ஒன்று, கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும் ஐந்துமுனை நட்சத்திரம். முங்கியவள் மேலே திரும்பிவர வேண்டும் என்பதற்காக. மற்றொன்று, குறுக்கும் நெடுக்குமான கட்டக் கோடுகள். தீயது எதுவும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பல கண்கள் அவை. ஒற்றை ஓடுடைய அவாபி என்னும் சங்கினத்தைப் பாறையிலிருந்து பெயர்க்கும் இரும்பு நெம்புகோலையும், அளவு பார்க்கும் கருவியையும் அவர் எடுத்துக் காட்டினார். மியே மாநிலத்தில் 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அவாபியை எடுக்கக் கூடாது. அளவு தேறாததை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

சிலர் கரையிலிருந்து தாமே நீந்திச் செல்கிறார்கள். சிலர் கணவர் ஓட்டும் படகில் ஆழத்துக்குப் போகிறார்கள். கீழே இருக்கும் மனைவியின் கயிற்றை மேலே இழுப்பது கணவரின் பொறுப்பு. முத்துக்குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் கையில் கொடுக்க வேண்டும், அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. அதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த மூதாட்டியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "இந்த வயசுல இவங்க இன்னும் கடல்ல எறங்குறாங்களே, நமக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்றார். மியே மாநிலத்தில் இப்போது ஆயிரம் அமாக்கள்கூட இல்லை. இருப்பவர்களிலும் முதியவர்களே அதிகம். 2017இல் இந்த முங்குதல் முறை தேசிய அளவிலான நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைப் பார்த்து இளம்பெண்கள் கடலுக்குத் திரும்புவார்களா என்பது வேறு விஷயம்.

டோபா நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தைக் குழந்தைகளோடு செல்பவர்கள் தவிர்க்க முடியாது. ஜப்பானில் கடற்பசுவைக் காண முடிகிற ஒரே காட்சியகம் இதுதான். பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே விலங்கு கண்ணாடிக்குப் பின்னால் மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது.

அதைவிட எனக்கு நிறைவளித்தது, நகராட்சிப் படகில் போய்வந்த டோஷிஜிமா தீவு. பார்வையிடங்கள் என்று பட்டியல் போட அங்கே அதிகமில்லை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகிய சந்துகள். வீட்டு வாசலில் காயும் கடற்பாசி. சுவர்களிலும் கதவுகளிலும் வட்டத்துக்குள் எட்டைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தைக் கரியால் வரைந்த குறி. குளிர்கால விழாவில் இளைஞர்கள் முட்டிமோதிக் கைப்பற்றும் கரியைக் கொண்டு ஆண்டுதோறும் இதைப் புதுப்பிக்கிறார்கள். படகுகளிலும் இதே குறி. வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகள் சிலர் சேர்ந்து, பெற்றோர் அல்லாத வேறொரு தம்பதியின் வீட்டில் இரவு தங்கி, அவர்களையே வளர்ப்புப் பெற்றோராகக் கொள்ளும் நேயாக்கோ என்னும் வழக்கம், மற்ற ஊர்களில் மறைந்த பின்னும் இத்தீவில் எஞ்சியிருக்கிறது. ஆபத்து மிகுந்த தொழிலில் இருப்பவர்களுக்கு உடன்பிறவாச் சகோதரர்கள் தேவைப்பட்டிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். கடற்படைத் தலைவரான கூக்கி யோஷிடாக்கா 1600இல் செக்கிகஹாரா போரில் தம் தரப்பு தோற்றபின் உயிர் மாய்த்துக்கொண்டதும் இங்கேதான். அவருடைய தலைக்கு ஒன்றும் உடலுக்கு ஒன்றுமாக இரண்டு சமாதிகள் இருக்கின்றன.

ஃபுத்தாமி கடற்கரையின் தம்பதிப் பாறைகளையும் இசே பேராலயத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பெரிய பாறை ஒன்பது மீட்டர், சிறியது நான்கு மீட்டர். இரண்டையும் பிணைக்கும் வைக்கோல் வடத்தை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றுகிறார்கள். கோடையில் மட்டுமே சூரியன் இரண்டுக்கும் நடுவே உதிக்கும். மற்ற மாதங்களில் விடியற்காலையில் எழுந்து ஓடுவது வீண். இசேயில் முதலில் வெளிக்கோயில், பிறகு உட்கோயில் என்பது மரபு. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி இடம் மாற்றும் அக்கோயில் கடைசியாக 2013இல் மாறியது, அடுத்தது 2033.

ஒரு நாள் மிச்சமிருந்தால் தெற்கே காஷிகோஜிமாவுக்குப் போகலாம். 2016இல் ஜி7 தலைவர்கள் கூடிய இடம் அது. அருகிலுள்ள யோக்கோயாமா மேட்டிலிருந்து பார்த்தால் ஆகோ விரிகுடா, அதன் தீவுகள், தெப்பங்கள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அங்கிருந்து டாயோசாகி கலங்கரை விளக்கம் நிற்கும் நகிரிக்குச் சென்றால், சூரை மீனை ஓக் விறகுப் புகையில் வாட்டிக் கட்டையாக்கும் பழைய முறையைக் காணலாம். நம் மாசிக் கருவாட்டின் உறவுக்காரர் இது. சீவியெடுத்த மெல்லிய சுருளைச் சுடுசோற்றில் போட்டுச் சாப்பிடக் கொடுத்தார்கள்.

எப்போது செல்வது என்பது எதற்காகச் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கி இறாலுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. உண்ணும் சிப்பிக்கும் முத்து எடுப்பதற்கும் குளிர்காலம். அமாக்கள் அவாபி எடுப்பதைக் காணக் கோடை, ஏனெனில் செப்டம்பர் நடுவிலிருந்து ஆண்டு இறுதி வரை அதற்குத் தடை. நான் மறுபடி போவதாக இருந்தால் ஜூன் மாதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், மழைக்காலம் என்றாலும்கூட.