சேலத்தில் ஸ்டோர்ஸ் வேலை தேடியதும் கிடைத்ததும்

சரக்கு இருப்பைக் கட்டுப்பாட்டில் வைக்கும் வேலைக்குச் சேலத்தில் ஆள் தேடுகிறவர்கள் ஒரே பெயரில் விளம்பரம் கொடுப்பதில்லை. ஸ்டோர் கீப்பர், ஸ்டோர்ஸ் அசிஸ்டெண்ட், ஸ்டாக் இன்சார்ஜ், குடோன் கணக்கர், சில சமயம் வெறும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்றுகூடப் போடுகிறார்கள். இந்தப் பெயர்கள் அனைத்தையும் போட்டுத் தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளம்பரங்கள் கண்ணில் பட்டன. இதே வேலையைத் தேடுகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு, நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் பி.காம். படித்தவள். திருமணத்துக்கு முன்பு லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்; கொலுசாகத் திரும்பும்போது மறுபடி எடை. நடுவில் குறைந்தது எவ்வளவு, அதில் ஒப்புக்கொண்ட சேதாரம் எவ்வளவு, மீதி எங்கே என்று ஒவ்வொரு கிராமுக்கும் பதில் இருக்க வேண்டும். தரையில் விழுந்த தூளைக்கூடக் கூட்டி எடுத்து எடை போடுவார்கள். இரவில் அப்பா சொல்லச் சொல்ல அந்த நோட்டை எழுதியவள் நான்தான். இருப்புக் கணக்கின் அடிப்படை எனக்கு அங்கேயே வந்துவிட்டது என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் நேர்காணலில் அதை மட்டும் சொன்னால் போதாது. இன்று எந்தக் கிடங்கிலும் கேட்பது டேலி என்ற கணக்கு மென்பொருளும் எக்செல்லும். டேலியில் கொள்முதல், விற்பனை போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடோன் வாரியாக இருப்புப் பிரிப்பது, பேட்ச் எண்ணும் (ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்குக்குத் தரும் எண்) காலாவதித் தேதியும் சேர்த்துப் பதிவது, சரக்கு ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் காட்டும் ஸ்டாக் ஜர்னல் போடுவது ஆகியவற்றைத் தெரிந்தவர்கள் குறைவு. பயிற்சி மையத்தில் சேரும்போதே எனக்கு ஸ்டாக் பகுதிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். எக்செல்லில் வி-லுக்அப், பிவட் டேபிள் இரண்டும் கை பழக வேண்டும். ஏட்டு இருப்பு ஒரு தாளிலும் எண்ணிய இருப்பு இன்னொரு தாளிலும் இருக்கும்போது இரண்டையும் பொருத்திப் பார்க்க இவைதான் உதவும். சரக்கை வண்டியில் அனுப்பும்போது ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில் பற்றியும் கேட்பார்கள். மாநிலம் விட்டுப் போகும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் என்ற வரம்பு தெரிந்திருந்தால் போதும்.

தேடத் தொடங்கியது கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து. அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு போகும் சாலையில் இருக்கிறது. அங்கே நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணம் கிடையாது. கூட்டம் அதிகம், பெரும்பாலான மேசைகளில் விற்பனைப் பிரதிநிதி வேலைதான். பலர் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் விற்பனைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தாரிடமே, "உங்கள் குடோன் எங்கே இருக்கிறது, அங்கே ஆள் வேண்டுமா?" என்று கேட்டேன். விற்கிறவனுக்குச் சரக்கு இருந்துதானே ஆக வேண்டும்! அப்படிக் கேட்டதில் இரண்டு தொலைபேசி எண்கள் கிடைத்தன.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகவர், பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டினால் மறுநாளே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். எந்த நிறுவனம் என்று கேட்டதற்குப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வாராம். எழுந்து வந்துவிட்டேன். ஆள் தேவைப்படும் நிறுவனம் வேலை தேடுகிறவரிடம் பணம் கேட்காது. தயவுசெய்து யாரும் கட்டாதீர்கள்.

அதன் பிறகு நேர்காணல்கள். ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போனேன். மேலாளர் நல்ல கேள்விகள் கேட்டார். மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்து எடை மேடையில் ஏறும். ஆனால் விலை எடையை மட்டும் வைத்து இல்லை, கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துப் போடுவார்கள். ஆகவே வரவுச் சீட்டில் எடை, பாயிண்ட் இரண்டும் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்து, "90 கிலோ மூட்டையாகப் பிடித்து அடுக்கி வைக்கிறோம். சில மாதம் கழித்து எடை போட்டால் குறைகிறது. திருட்டு என்று எழுதுவாயா அம்மா?" என்றார். ஈரப்பதம் வற்றினால் எடை குறையும். மூட்டை எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியாக எழுதி, அடுக்கும்போதே ஈரப்பதத்தையும் குறித்துவைத்தால்தான் எது இயற்கையான குறைவு, எது காணாமல் போனது என்று சொல்ல முடியும் என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கடைசியில், சீசனில் லாரிகள் இரவிலும் வரும், ஆணாக இருந்தால் நல்லது என்று முடித்துவிட்டார். பகல் ஷிப்டுக்காவது என்னைப் பார்க்கலாமே என்று கேட்டேன். பதில் இல்லை. எடைச் சீட்டைச் சரிபார்க்க ஆணாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றும் கோபமூட்டியது, இன்றும் மூட்டுகிறது.

இன்னோர் இடத்தில் எல்லாம் சரியாக வந்தது. பட்டச் சான்றிதழின் அசலை ஈடாகக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார்கள். சரிபார்க்க அசலைக் காட்டுவேன், நகலைத் தருவேன், அசலை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தேன். நாளை வேறு வேலைக்கு மாற வேண்டுமென்றால் அதற்காக அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில். அந்த நேர்காணலை விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்பது முழுக்க அதில் இருக்கிறது.

உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். என் விண்ணப்பத்தை ஒரு பார்வை பார்த்தார். நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதல் கேள்வி: "முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். மருந்துக்கு அது சரியா?" மருந்தில் நேற்று வந்த பேட்ச், போன மாதம் வந்ததைவிட முன்னதாகக் காலாவதியாகலாம், ஆகவே வந்த தேதியைப் பார்க்காமல் காலாவதித் தேதியைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். தலையாட்டினார். பிறகு, "வாங்க, குடோனுக்குப் போகலாம்" என்று கூட்டிப் போனார்.

பாரசிட்டமால் 650 மி.கி. மாத்திரை அடுக்கு. ஒரு பேட்ச்சுக்குக் கணினியில் 46 பெட்டி காட்டியது. அடுக்கில் எண்ணினால் 40. "ஆறு பெட்டி எங்கே? யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் முதலில் பார்த்தது, அளவு எதில் பதிந்திருக்கிறது என்பதை. மருந்தில் பெட்டியும் உண்டு, அட்டையும் உண்டு. ஒருவர் அட்டைக் கணக்கிலும் இன்னொருவர் பெட்டிக் கணக்கிலும் போட்டால் எண் தாறுமாறாகும். அது சரியாக இருந்தது. அடுத்து, கொள்முதல் பில் பதிந்துவிட்டு இன்னும் பிரிக்காமல் வாசலில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தேன். அதில் இந்த மருந்து இல்லை. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் சரக்கை, இலவசம் வருவதற்கு முன்பே வரவு வைத்திருக்கிறார்களா என்று பில்லோடு ஒப்பிட்டேன். அதுவும் சரி. பிறகு அதே மருந்தின் மற்றொரு பேட்ச்சை எண்ணினேன். அங்கே கணினியில் இருப்பதைவிட நான்கு பெட்டி கூடுதல்! பில்லில் இரண்டாவது பேட்ச்சைப் போட்டுவிட்டு, பெட்டி கட்டும் பையன் கைக்கு எட்டிய முதல் பேட்ச்சை எடுத்து அனுப்பியிருக்கிறான். நான்கு ஆயிற்று. மீதி இரண்டு? கடைக்காரர்கள் திருப்பியனுப்பும் சரக்கு வைக்கும் மூலையில், காலாவதிப் பெட்டிக்குள், நல்ல நிலையில் அந்த இரண்டும் கிடந்தன. திருப்பி வந்ததாகக் கணினியில் வரவு வைத்தாகிவிட்டது. ஆனால் அடுக்குக்குப் போகவில்லை.

தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவ்வளவு அலைய வேண்டுமா? டேலியில் ஃபிசிக்கல் ஸ்டாக் வவுச்சர் போட்டு 40 என்று மாற்றிவிட்டால் இரண்டு நிமிட வேலையாயிற்றே?" என்றார். ஏட்டு இருப்பை எண்ணிய இருப்புக்கு மாற்றும் பதிவு அது. கூடாது என்றேன். அப்படிப் போட்டிருந்தால் இரண்டு பெட்டி நல்ல மருந்து காலாவதியோடு சேர்ந்து போயிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எந்தக் கடைக்கு எந்த பேட்ச் போனது என்ற கணக்கு பொய்யாகவே நின்றுவிடும். நாளை அந்த பேட்ச்சில் குறை என்று சொல்லி நிறுவனம் திரும்பக் கேட்டால், மருந்து இல்லாத கடையில் தேடிக்கொண்டிருப்போம். மருந்து உள்ள கடையில் யாரோ அதை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பார்கள். காரணம் தெரிந்த பிறகு, அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்ட பிறகு, கடைசியாகப் போட வேண்டிய வவுச்சர் அது என்று சொன்னேன். அப்பாவின் நோட்டைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். வித்தியாசம் வந்தால் தூளைக் கூட்டிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் சேதாரம் என்று எழுதவிட்டதில்லை.

அங்கேயே வேலை உறுதியாயிற்று.

சம்பளப் பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு வெவ்வேறு இடங்களில் சொல்லப்பட்டது 11,000 முதல் 15,000 வரை. எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. நிறுவனத்துக்குப் பொருந்தும் என்றால், மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர் அதில் வருவார். நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது. பி.எஃப்.பில் நம் பங்கு 12 சதவீதம். கையில் 1,000 கூடத் தருகிறேன், இவை எதுவும் இல்லை என்றவரிடம் நான் போகவில்லை. நியமனக் கடிதத்தில் பதவி, சம்பளம், வேலை நேரம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தார்கள்.

இப்போது காலையில் வந்ததும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறிக்கிறேன். இன்சுலின், தடுப்பூசி போன்றவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறகு தினமும் சில அடுக்குகளை மட்டும் எண்ணுகிறேன். விலை அதிகமான, வேகமாகப் போகும் மருந்துகள் அடிக்கடி வரும். மலிவானவை எப்போதாவது வரும். இப்படி எண்ணி வந்தால் மார்ச் 31 அன்று குடோனை மூடிவைத்து இரவு முழுவதும் எண்ணும் அவதி குறையும். பெட்டி கட்டும் பையனிடம் பேட்ச் எண்ணைப் படித்துக் காட்டிய பிறகே பெட்டியை ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவனும் கேட்டுக்கொள்கிறான். பேட்ச் மாறிப்போவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வேலை கூடியிருப்பதால் இன்னோர் ஆள் எடுக்கப் போவதாக உரிமையாளர் சொல்கிறார். அம்மாபேட்டையில் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். பட்டம் வாங்கியதிலிருந்து வேலைக்கே போகாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் உட்கார்ந்து பின் கார்டு (ஒவ்வொரு பொருளின் அடுக்கிலும் வைக்கும் இருப்பு அட்டை) எழுதப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். வரவு, பட்டுவாடா, மீதி மூன்றையும் தப்பில்லாமல் போடுகிறாள். அடுத்த வாரம் வேண்டுமென்றே கணக்கில் ஒரு குறையை வைத்துக் கொடுத்து, எங்கே தேடுகிறாள் என்று பார்க்கப் போகிறேன்.