சிறுநீர்ப்பை வலியும் தளர்த்தும் பயிற்சியும்

அடிவயிற்று வலியோடு அடிக்கடி சலம் போகும் அவதியும் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு தடவையும் அதைச் சலக்கடுப்பு என்றே கருதி அன்ரிபயோட்டிக் எழுதித் தந்தார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சிறுநீரிலோ ஒருபோதும் கிருமி வளரவில்லை. கமரா செலுத்திப் பார்த்து, கல்லோ கட்டியோ இல்லை என்று உறுதியான பின்னரே இது நாட்பட்ட சிறுநீர்ப்பை வலி நோய் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். அவர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பியபோது, பாரிசவாதத்துக்கும் முழங்கால் வலிக்கும் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்றுதான் தோன்றியது.

பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சிறுநீர் கசியாமலிருக்கக் கற்பிக்கும் கீகல் என்னும் இறுக்கும் பயிற்சியைத்தான் சொல்லப்போகிறார்கள் என எண்ணியிருந்தேன். பிசியோதெரபி செய்த அம்மணி அதை முதலிலேயே விலக்கினார். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தளத் தசைகள் வலிக்குப் பயந்து எந்நேரமும் இறுகிக் கிடக்கின்றன, அந்த இறுக்கமே வலியையும் அவசரத்தையும் கூட்டுகிறது, ஆகவே மேலும் இறுக்கக் கூடாது என்பது அவருடைய விளக்கம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டலும் இந்நோயில் அத்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்கும்படியே சொல்கிறது.

பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைக் கதிரையின் மேல் வைத்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். வயிறு உயரும்போது இடுப்பின் அடித்தளமும் கீழ்நோக்கி இளகும். சலம் கழிக்கத் தொடங்கும் கணத்தில் விடுபடுவது போன்ற அந்த உணர்வு பிடிபட எனக்கு நெடுநாள் சென்றது. பிறகு முழங்கால்களை நெஞ்சோடு அணைத்தல், குந்தியிருத்தல், பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையோரமாக நடத்தல் என்பன சேர்ந்தன. குதிப்பதும் பாரம் தூக்குவதும் வேண்டாம் என்றார். இறுகிய முடிச்சுகளை அவரே விரலால் அழுத்தி இளக்கியதும் உண்டு. கதவு பூட்டிய அறையும், ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்கிற பண்பும் இல்லாமல் அந்தச் சிகிச்சையை நம் பெண்கள் எவரும் தொடரமாட்டார்கள்.

2012இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வொன்றில் இவ்வகைக் கைச்சிகிச்சை பெற்ற பெண்களில் 59 வீதத்தினரும், சாதாரண உடல் மசாஜ் பெற்றவர்களில் 26 வீதத்தினரும் தேறியதாகக் கூறினர். ஆனால் வலி அளவில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. என் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். பருத்தித்துறை பஸ்ஸில் இப்போது இடையில் இறங்காமல் போய்வருகிறேன், இரவில் எழும்புவதும் குறைந்துவிட்டது. வலி முற்றாகப் போகவில்லை. தேசிக்காய்ப்புளியும் கடும் தேத்தண்ணீரும் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை, இரவு மாத்திரையும் தொடர்கிறது.