பத்து நிமிடம் மிதந்து நிற்பது

காற்று உருளையைச் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபா பயிற்சியில் சேர விரும்பும் நம் குமரி மாவட்டத்து இளைஞர்கள் முதலில் விசாரிப்பது நீச்சல் தேர்வைப் பற்றித்தான். ஸ்கூபா கற்பித்துச் சான்றிதழ் தரும் ‘பாடி’ (PADI) அமைப்பின் தொடக்கநிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் டைவரில், துணைக்கருவி எதுவும் இல்லாமல் 200 மீட்டரோ, மாஸ்க், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) அணிந்து 300 மீட்டரோ நீந்த வேண்டும். அதோடு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் நீரில் மிதக்கவோ, காலை உதைத்துத் தலை மூழ்காமல் நிற்கவோ வேண்டும். எந்த முறையில் நீந்தினாலும் சரி, நேர வரம்பும் கிடையாது.

“நேரக் கணக்கே இல்லியா மாமா? இதுக்குப் பேரு டெஸ்டா?” என்று என் அக்கா மகன் சிரித்தான். குழித்துறை ஆற்றில் வெள்ளம் வரும்போதும் அக்கரை போய்த் திரும்புகிறவன் அவன். பதில் சொல்லாமல் ஊர்க் குளத்தில் இறக்கி, பேசாமல் மிதக்கச் சொன்னேன். சிறிது நேரத்துக்குள் கைகள் தண்ணீரை அடிக்கத் தொடங்கின. மூச்சு வாங்குவதற்காகத் தோள்வரை மேலே எழும்புவதும், எழும்பிய அளவுக்கு மூக்குவரை அமிழ்வதுமாக இருந்தான். “கையை விடு மக்களே, நெஞ்சுல காத்தை வச்சுக்கிட்டு மல்லாக்கச் சாஞ்சுக்கோ” என்றேன். காதுகள் நீருக்குள் போகும்படி தலையைச் சாய்த்ததும் மார்பு தானாக மேலே வந்தது.

நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானோர் மிதப்பார்கள், முழுவதும் வெளியே விட்டால் அமிழ்வார்கள் என்பதால், ஆழமாக இழுத்துச் சற்றே நிறுத்தி, விரைவாக விட்டு மீண்டும் இழுக்கும் மூச்சுதான் இங்கே உடலைத் தாங்குகிறது. தலையை எவ்வளவு வெளியே தூக்குகிறோமோ அவ்வளவு எடையையும் கால்கள்தான் சுமக்க வேண்டும்.

முக்குளிப்பில் ஆபத்து நீருக்கடியில்தான் என்று நினைப்பவர்கள், மேலே வந்தபின் நடப்பவற்றை மறந்துவிடுகிறார்கள். களைத்துப்போய் மேலே வந்தவர், நீரோட்டம் இழுத்துப்போக, படகு தேடி வரும்வரை காத்திருக்க நேரிடலாம். அப்போது பிசிடி எனும் மிதவை அங்கியில் காற்றை நிரப்பவும், தேவையானால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயத்தைக் கழற்றி விடவும் பதற்றமில்லாத மனம் வேண்டும். வேகமாக நீந்தத் தெரிந்ததால் மட்டும் அந்த மனம் வந்துவிடுவதில்லை. ஆகவே நேர வரம்பு வைக்காதது சரியான முடிவு என்பதே என் கருத்து. தொழில்முறைப் பயிற்சியான டைவ்மாஸ்டர் நிலையில் 400 மீட்டர் நீச்சலுக்கு நேரத்தைப் பொறுத்து மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கும் 15 நிமிடம் நீரில் நிற்க வேண்டும், அதில் கடைசி 2 நிமிடம் கைகள் நீருக்கு வெளியே இருக்க வேண்டும்.

2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தபின், உள்ளூரில் காற்று இல்லாதபோதும் தொலைவிலிருந்து திடீரென வந்து கரையில் மோதும் பேரலையான கள்ளக்கடல் பற்றி நம் ஊரில் நிறையப் பேசினோம். எச்சரிக்கை வந்த நாளில் கடலில் கால் வைக்காமலிருப்பதே முதல் பாதுகாப்பு. அதற்கு ஈடாக எந்த நீச்சலும் நிற்காது. மற்ற நாட்களில், கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் நீரோட்டமான இழுப்பில் சிக்கியவரைக் கடல் வெளியேதான் கொண்டுபோகிறது, அடியில் இழுப்பதில்லை. கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தோற்காமல் மிதந்தபடி கையசைப்பவருக்கும், கரைக்கு இணையாக நீந்தி விலகுபவருக்கும் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

கடியப்பட்டணம் பகுதியில் சிப்பி எடுக்கும் குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மிதப்பதும் நீந்துவதும் அவர்களுக்கு விளையாட்டு. ஆனால் மூச்சடக்கி மூழ்கும் பழக்கத்தை ஸ்கூபாவுக்குள் கொண்டுவரக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில், உருளையின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரிலிருந்து நுரையீரலில் நிறைத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். அதை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியக்கூடும். சிப்பிக்காக மூழ்குபவர் மேலிருந்து இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்புவதால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தேர்வுக்குப் பழகுபவர்கள் ஆனி, ஆடியில் மேற்குக் கரைக் கடலை விட்டுவிட்டு, நீச்சல் தெரிந்த ஒருவரைப் படித்துறையில் நிறுத்திக்கொண்டு குளத்தில் பழகலாம். கடல்நீரைவிடக் குளத்து நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதில் 10 நிமிடம் நிற்பவருக்கு அமைதியான உப்புநீரில் இன்னும் எளிதாக இருக்கும்.