மனச்சோர்வுக்குச் செயலி எழுதிக்கொடுக்கும்போது

மாத்திரை எழுதும் டாக்டர் எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எத்தனை நாள், அடுத்து எப்போது வரவேண்டும் என்று நான்கையும் குறித்துத்தான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அதே டாக்டர் மனச்சோர்வுக்கு, பாடம் பாடமாகப் பயிற்சி தரும் ஒரு போன் செயலியைப் பரிந்துரைக்கும்போது, "இதை டவுன்லோட் பண்ணிப் பாருங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆறு வாரம் கழித்துக் கேட்டால் நோயாளி இரண்டு பாடத்தோடு நிறுத்தியிருப்பார். செயலியெல்லாம் சும்மா என்று இருவருமே முடிவுகட்டிவிடுவார்கள்.

நல்ல பலன் காட்டிய ஆய்வுகளைப் புரட்டினால், பலவற்றில் செயலிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். வாரத்துக்கு 10, 15 நிமிடம் பேசியோ எழுதியோ விசாரித்துக்கொண்டிருப்பார். சீட்டில் எழுதவேண்டியது அந்த மனிதரையும் சேர்த்துத்தான்.

பிரிட்டனில் இதை நன்றாகவே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். சி.பி.டி. என்பது எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சை. 'பீட்டிங் த ப்ளூஸ்' என்ற கணினிவழி சி.பி.டி. நிரலை, எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2006-ல் பரிந்துரைத்தது. 2015-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த 'ரியாக்ட்' ஆய்வு, 691 பேரை மூன்று பிரிவாக்கி, அந்த நிரலையும் 'மூட்ஜிம்' என்ற இலவச நிரலையும் வழக்கமான டாக்டர் கவனிப்போடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்: 8 அமர்வுள்ள முதல் நிரலில் இடைநிலை அளவாக முடிக்கப்பட்டவை 2, 6 அமர்வுள்ள இரண்டாவதில் 1. அதே ஆய்வுக்குழு பிறகு மூட்ஜிம்மோடு தொலைபேசி வழிகாட்டலைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் சில மாதங்களிலாவது வித்தியாசம் தெரிந்தது. மனநலச் செயலிகளின் உண்மைப் பயன்பாட்டை அளந்த 2019 ஆய்வு ஒன்றில், நிறுவியவர்களில் 15-ம் நாள் செயலியைத் திறந்தவர்கள் 3.9 சதவீதம், 30-ம் நாள் 3.3 சதவீதம். சொந்த விருப்பத்தில் நிறுவியவர்களின் கணக்கு இது. எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடாக இருக்கும் ஒருவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

முறையாகப் பரிந்துரைக்கும் ஏற்பாடு உள்ள நாடுகளில் முதலில் ஜெர்மனியைச் சொல்லவேண்டும். 2019 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலை மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான 'பிஃபார்ம்' பராமரிக்கிறது. டாக்டர் எழுதும் சீட்டை நோயாளி தன் காப்பீட்டு அமைப்புக்கு அனுப்புவார். அங்கிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடக் கோடு (திறப்புக் குறியீடு) வரும். அதைச் செயலியில் இட்டால் வழக்கமாக 90 நாளுக்குத் திறக்கும். மனச்சோர்வுக்கான 'டெப்ரெக்சிஸ்', 'செல்ஃபாப்பி' போன்றவை இப்படிப் பட்டியலுக்கு வந்தவை. இந்தச் சங்கிலியில் ஒழுகும் இடம் கோடு வரும் இடைவெளி. சீட்டு வாங்கிய அன்று இருந்த கொஞ்சம் உற்சாகமும் அது வருவதற்குள் வடிந்துவிடும். கோடு கைக்கு வரும் நாளில் யாராவது ஒருவர் போன் செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-ல் 'ரிஜாய்ன்' என்ற செயலிக்கு அனுமதி தந்தது. ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும், 22 வயது நிரம்பியவர்களுக்குத் துணைச் சிகிச்சையாக மட்டும். மாத்திரைக்கு மாற்று என்று எங்கும் சொல்லவில்லை. முகங்களின் உணர்ச்சியை நினைவில் வைத்து ஒப்பிடும் பயிற்சியும் சின்னச் சின்ன சி.பி.டி. பாடங்களும் சேர்ந்த 6 வாரத் திட்டம் அது. 386 பேரிடம் நடந்த சோதனையில், முகங்களுக்குப் பதில் வடிவங்களைக் காட்டும் போலிச் செயலியோடு ஒப்பிட்டார்கள். முதன்மைக் கணக்கில் வித்தியாசம் புள்ளியியல் எல்லையை நூலிழையில் தொடாமல் போனது. துணைக் கணக்குகளில் சாதகம் தெரிந்தது, பாதுகாப்பில் குறை தென்படவில்லை. போலிச் செயலிக்காரர்களும் கணிசமாகத் தேறியிருந்தார்கள்.

ஒரு செயலியை நம்புவதற்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதனால்தான் "எதோடு ஒப்பிட்டார்கள்?" என்பது. ஒன்றும் கொடுக்காமல் காத்திருக்க வைத்தவர்களோடு ஒப்பிட்டால் எந்தச் செயலியும் பிரமாதமாகத் தெரியும். போலிச் செயலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும். அடுத்து, சோதனையில் எத்தனை பேர் கடைசிவரை போனார்கள், அவர்களுக்கு யார் வழிகாட்டினார்கள் என்று பாருங்கள். அங்கே வாரம் ஒருமுறை உளவியலாளர் பேசியிருந்து, நீங்கள் வெறும் செயலியை மட்டும் கொடுத்தால், சோதிக்கப்பட்டது வேறு, நீங்கள் கொடுப்பது வேறு.

யாருக்குக் கொடுக்கலாம்? மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாகும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 மிதமானது, 15 முதல் 19 சற்றுக் கடுமையானது, 20 முதல் 27 கடுமையானது. பல ஆய்வுகளின் தனிநபர்த் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-ல் வெளியான அலசலில், லேசான நிலையில் வழிகாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. 9-க்கு மேல் போனால் வழிகாட்டியோடு கொடுத்ததே மேல் என்று வந்தது. 15-க்கு மேல் இருப்பவருக்குச் செயலி மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல. மாத்திரை, நேரடி சிகிச்சை இவற்றோடு ஓரமாக வேண்டுமானால் இருக்கட்டும்.

தற்கொலைத் திட்டம் உள்ளவர், குரல் கேட்பவர், சாப்பாடு தண்ணீரை மறுப்பவர், இவர்களுக்குச் செயலி வேண்டவே வேண்டாம். முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமலும் களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் செலவும் பேச்சுமாக இருந்ததுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ஆம் என்றால் பைபோலாராக, அதாவது பித்துநிலையும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாக இருக்கலாம். அப்போது தூக்கமின்மைச் செயலிகளைக்கூட யோசித்தே கொடுக்கவேண்டும். அவற்றில் படுக்கை நேரத்தைக் குறுக்கும் உத்தி இருக்கும். தூக்கம் குறைந்தால் பித்துநிலை கிளம்பக்கூடும். வலிப்பு உள்ளவர்களுக்கும், இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தைராய்டு, ரத்தசோகை சோதனைகளை விட்டுவிட்டு நேரே செயலிக்குத் தாவுவதும் நடக்கிறது. தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். அளவு 40 என்று எகிறியிருப்பவருக்கு எந்தப் பாடமும் உதவாது.

இனி சீட்டு. செயலியின் பெயர், தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், வாரத்துக்கு 3 தடவை, எந்தெந்தக் கிழமை எத்தனை மணி, எத்தனை வாரம், யார் எப்போது போன் செய்வார்கள். இத்தனையும் எழுத்தில் இருக்கட்டும். "தினமும் முடிந்தபோது" என்று எழுதினால் எந்த நாளும் முடியாது. மனச்சோர்வில் பலருக்கு விடிகாலை மோசமாக இருக்கும், பொழுது ஏற ஏறக் கொஞ்சம் இலகுவாகும். அப்படிப்பட்டவருக்கு முற்பகல் 11 மணியோ மாலையோ வையுங்கள். இரவு படுக்கையில் வைத்துச் செய்யச் சொல்லாதீர்கள். தூக்கமும் கெடும், பாடமும் மனதில் நிற்காது.

முதல் பாடத்தை உங்கள் அறையிலேயே தொடங்க வையுங்கள். பத்து நிமிடம் போகும், பரவாயில்லை. கைவிட்டவர்களில் பலர் முதல் பாடத்தையே பார்த்திருக்கமாட்டார்கள். பாஸ்வேர்டு நினைவில்லாத பழைய மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தும் கோடு போயிருக்கும், போனில் இடமில்லை என்று வந்திருக்கும், ஆண்ட்ராய்டு பதிப்பு பழையதாக இருந்திருக்கும். பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியை முடக்கிவிட்டால் நினைவூட்டலே வராது. அந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்கிவைக்க வேண்டும். இன்னொன்று, நினைவூட்டலின் வாசகம் பூட்டுத்திரையில் தெரியாதபடி மறைத்துக்கொடுங்கள். வீட்டில் நாலு பேர் எடுக்கும் போனில் "இன்று உங்கள் மனச்சோர்வு எப்படி இருக்கிறது?" என்று எரிந்தால், அன்றோடு செயலி நீக்கப்பட்டுவிடும். அதில் நோயாளியின் தப்பு எதுவும் இல்லை.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. பல செயலிகள் எண்ணங்களைப் பிடித்து எழுதும் பயிற்சியை முன்னால் வைத்திருக்கும்: நிகழ்வு, தோன்றிய எண்ணம், அதற்கான ஆதாரம், எதிர் ஆதாரம். சோர்வு ஆழமாக இருக்கும்போது இது திருப்பி அடிக்கும். "எல்லாம் என்னால்தான்" என்பதற்கு ஆதாரம் கேட்டால் இருபது வரி எழுதிவிடுவார், எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கும். செயலி வழிவிட்டால், செயல்களைத் திட்டமிடும் பாடத்தை முதலில் கொடுங்கள். ஒரு வாரம் என்னென்ன செய்தார் என்று மணிவாரியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் மகிழ்ச்சி எவ்வளவு, செய்துமுடித்த நிறைவு எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் மதிப்பெண் போடவேண்டும். அடுத்த வாரம் நிறைவு தந்த ஒன்றை 5, 10 நிமிட அளவுக்கு உடைத்துக் கிழமையோடு எழுதிக்கொள்ளவேண்டும். "வீட்டைச் சுத்தம் செய்வது" என்று எழுதினால் நடக்காது. "புதன் 11 மணிக்கு மேசையின் இடது பக்கம்" என்றால் நடக்க வாய்ப்புண்டு. மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திருக்காமல் கடிகாரம் சொன்னதும் செய்வதுதான் இந்த உத்தியின் உயிர்.

போன் அழைப்புகளை முன்கூட்டியே நாள் குறித்து வையுங்கள். 3-ம் நாள் இரண்டு நிமிடம், கேள்வி ஒன்றே ஒன்று: "திறக்க முடிந்ததா?" முதல் வார முடிவில் பத்து நிமிடம், பிறகு 2, 4 வாரங்களில். இதற்கு டாக்டரே வேண்டுமென்பதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸோ ஆலோசகரோ போதும். அழைப்பில் மனநிலையைக் கிண்டுவதைவிட, எங்கே தடுக்கியது, அடுத்த பாடம் எந்தக் கிழமை என்று கேட்டாலே நேரம் சரியாக இருக்கும். விட்டுப்போன பாடங்களைக் கணக்குக் கேட்டால் நோயாளி அடுத்த அழைப்பை எடுக்கமாட்டார். "இதைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை" என்ற எண்ணம்தான் இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவு. பெட்டியில் யாரும் அச்சடிக்காத பக்கவிளைவு. வந்தால் பாடங்களைக் குறையுங்கள், வாரத்துக்கு ஒன்று போதும்.

பி.எச்.க்யூவின் 9-வது கேள்வி செத்துப்போகலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றியது. பல செயலிகள் இதைத் திரையில் கேட்கின்றன. நோயாளி 2 என்று அழுத்துகிறார். எதிர்முனையில் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. உதவி எண் ஒன்று திரையில் தோன்றும், அவ்வளவுதான். ஆகவே முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "இதில் நீங்கள் எழுதுவதை நான் உடனுக்குடன் படிப்பதில்லை. அப்படி எண்ணம் வந்தால் செயலியில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." எண்ணையும் அப்போதே அவர் போனில் பதிந்துகொடுங்கள். அந்தக் கேள்விக்கு 0 தவிர எந்த விடை உங்கள் கைக்கு வந்தாலும் அன்றே நேரில் அல்லது போனில் விசாரிக்கவேண்டும். கணினியில் தரவு வரும் வசதி இருந்தால், யார் எந்த நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பார் என்று பெயர் போட்டு எழுதாத வரை அந்த வசதியை இயக்காதீர்கள்.

தரவு எங்கே போகிறது என்பதும் கேட்கவேண்டிய விஷயம். இணையவழி ஆலோசனை நிறுவனமான 'பெட்டர்ஹெல்ப்' பயனர்களின் விவரத்தை விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததாக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.சி. குற்றம்சாட்டி, 2023-ல் 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. மருத்துவச் சாதனமாக அனுமதி பெற்ற செயலிக்கும் கடையில் இலவசமாகக் கிடைக்கும் மனநிலை நாட்குறிப்புக்கும் இதில் விதிகள் ஒன்றல்ல. பொதுவான ஏ.ஐ. உரையாடிகளைச் சிகிச்சை என்று எழுதிக்கொடுப்பது அதற்கும் கீழே.

6-ம் வாரம் பி.எச்.க்யூ மீண்டும். 5 புள்ளி குறைந்திருந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம்; பாதியாகக் குறைந்திருந்தால் நல்ல பலன்; 5-க்குக் கீழே வந்திருந்தால் தணிந்துவிட்டது. 5 புள்ளிகூடக் குறையவில்லை என்றால் இன்னொரு செயலிக்கு மாற்றி ஆறு வாரம் இழுக்காதீர்கள். நேரடி சி.பி.டி.க்கோ மாத்திரைக்கோ மாறவேண்டும்; மாத்திரை ஏற்கெனவே இருந்தால் அதன் அளவை மாற்றவேண்டும். 2-ம் வாரமே மதிப்பெண் ஏறியிருந்தால் ஆறு வாரம்வரை பொறுக்கத் தேவையில்லை. குணம் தெரிகிறது என்று நோயாளி தானாக மாத்திரையை நிறுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும், நோயும் திரும்பலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

செயலி நாளை இருக்குமா என்பதும் உறுதியில்லை. பரிந்துரைச் செயலிகளில் முன்னோடியான 'பேர் தெரப்யூட்டிக்ஸ்' 2023 ஏப்ரலில் திவாலானது. மனநல உரையாடிச் செயலியான 'வோபாட்'டை நடத்திய நிறுவனம் அதை 2025 ஜூன் 30-ல் மூடியது. பாடங்களும் நோயாளி எழுதி வைத்ததும் நிறுவனத்தோடு போய்விடலாம். எனவே கடைசிச் சந்திப்பில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நோய் திரும்பும்போது முதலில் தெரியும் மூன்று அறிகுறிகள், போன தடவை உதவிய இரண்டு செயல்கள் எந்தக் கிழமை எந்த நேரம், யாருக்குப் போன் செய்வது, எந்த மதிப்பெண் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வரவேண்டும். ஒரு படி அவரிடம், ஒரு படி உங்கள் கோப்பில்.