கொடுப்பனவுக்கு அலையும் காலம்

ஓகஸ்ட் 18, 2025 – திங்கள்

கடைசியில் படிவத்தை வாங்கி விட்டேன். வலுவிழந்தோர் கொடுப்பனவுக்கு எழுதிப்போடு என்று அம்மா எத்தனையோ காலமாக நச்சரிக்கிறார். வேலை செய்து சாப்பிடுகிறவளுக்கு எதற்கு அது என்பது என் கொள்கை. இடுப்பு வலி கூடக்கூட அந்தக் கொள்கையும் ஆட்டம் கண்டு விட்டது.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு: எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2008 இல் முகமாலையில் மிதிவெடி. இடுப்பிலும் முதுகிலும் இருக்கிற செல் பீஸ்கள் (எறிகணைத் துண்டுகள்) அடுத்த வருடம் மாத்தளனில் வாங்கியவை. சண்டை முடிவில் வட்டுவாகல் பாலம் தாண்டி ஆமிப் பக்கம் வந்து, பம்பைமடுவில் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து, அங்கே பழக்கிவிட்ட தையலோடு வீடு திரும்பினேன். அன்று தொடக்கம் தையல்தான் சோறு போடுகிறது.

யாழ்ப்பாணம் டவுணில் ஒரு தையல் கடை. ஜூக்கி மெசின். பெடலில் கால் பட்டும் படாமலும் இருந்தால் ஊசி மெதுவாக ஓடும், அமத்தினால் பறக்கும். ரப்பர் பாதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கழுத்து வளைவில் ஒரு தரம் பறந்தால் துணி போச்சு. ஆகவே எல்லாம் இடது காலால்தான். அந்தப் பக்கமாகவே சரிந்து இருந்து தைத்ததில் இடுப்பும் இடது முழங்காலும் இப்போது கணக்குக் கேட்கின்றன. முன்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எழும்பாமல் தைப்பேன். இப்போது துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பாயை விரித்து இடையிடையே நிமிர்ந்து படுக்க வேண்டியிருக்கிறது. படுக்கிற நேரத்துக்குக் காசு இல்லை. எங்களுக்குச் சம்பளம் உருப்படிக் கணக்கு.

ஓகஸ்ட் 20 – புதன்

ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போனேன். இளம் பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரோடு இருந்தே படிவத்தை நிரப்பினேன்.

"எப்படி வந்தது எண்டு என்னத்தை எழுத?"

"யுத்தத்தால எண்டு எழுதுங்கோ அக்கா, காணும். எந்தப் பக்கம் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை."

புனர்வாழ்வுச் சான்றிதழையும் சேர்த்துக் கொண்டு போயிருந்தேன். அது தேவையில்லை என்று திருப்பித் தந்து விட்டார். நிம்மதியாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. அந்தக் கடுதாசியைக் காட்டி நான் இதுவரை ஒரு நன்மையும் கண்டதில்லை. சிவில் உடுப்பில் வந்து விசாரிக்கிறவர்கள் மட்டும்தான் அதில் பிரதி கேட்பார்கள்.

கொடுப்பனவு பற்றி அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன், இன்னொருவருக்கு உதவும். முன்பு மாதம் 5,000 ஆக இருந்தது, பிறகு 7,500 ஆகி, இந்த ஏப்ரல் தொடக்கம் 10,000. இப்போது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவோடு சேர்ந்து வருகிறது. வலுவிழந்தவர் என்பது மட்டும் காணாது, குடும்பம் வருமானம் குறைந்தது என்றும் காட்ட வேண்டும். அதைப் பார்க்க 22 அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். வீடு, காணி, கரண்ட், வாகனம், படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று போகும். கால் இல்லை என்பதை ஒரே பார்வையில் பார்த்து விடலாம். ஏழை என்பதற்குத்தான் இவ்வளவு விசாரணை.

ஓகஸ்ட் 27 – புதன்

மருத்துவச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரி. விடிய வெள்ளன போய் நம்பர் எடுத்தும் உள்ளே கூப்பிடப் பத்தரையாகி விட்டது. அந்தக் கதையை விடுவோம், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

டொக்டர் சின்னப் பெண். 2009 இல் அவர் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனை எடுத்திருப்பார். எக்ஸ்றேயை வெளிச்சப் பலகையில் செருகி விட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இடுப்பெலும்பைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள். ஒன்று மட்டும் கொஞ்சம் நீளமாக, முள்ளந்தண்டுக்குக் கிட்ட, நெல்லு மாதிரி.

"இதுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாத்தான் நரம்பு நசிபடுதோ எண்டு வடிவாத் தெரியும். ஆனா உங்களுக்கு எடுக்கேலாது அக்கா. உள்ளுக்க இரும்பு கிடக்கு, காந்தம் இழுத்தால் அசையும். சி.ரி. ஸ்கான் எடுத்துத்தான் பார்க்கலாம்."

பிறகு படிவத்துக்கு வந்தோம். கால் விசயம் லேசாக எழுதி முடிந்தது. வேலை செய்ய முடியுமா என்பதில்தான் பேனா நின்றது. "ஏலாது எண்டு எழுதட்டோ?" என்று கேட்டார். நான் கேட்டேன், அப்படி எழுதினால் நாளைக்கு நான் எப்படிக் கடைக்குப் போவது, போகிறதை ஒருவர் கண்டால் பொய்க்காரி ஆகி விடுவேனே. "அப்ப ஏலும் எண்டு எழுதினா?" அப்படி எழுதினால் கொடுப்பனவு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு பேரும் சிரித்து விட்டோம். கடைசியில், நீண்ட நேரம் இருந்தோ நின்றோ செய்யும் வேலை பொருத்தமில்லை, தொடர் சிகிச்சை தேவை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். உண்மையும் அதுதான். ஆனால் இருந்தும் செய்யாமல் நின்றும் செய்யாமல் ஒரு தையற்காரி வேறு எப்படித் தைப்பாள் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 3 – புதன்

டி.எஸ். ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) படிவம் கொடுத்தாயிற்று. சமூக சேவை உத்தியோகத்தர் லீவாம். மேசையில் இருந்தவர் வாங்கி வைத்தார். எனக்கும் ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தித் தாருங்கோ என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார், குத்தித் தந்தார். நீங்களும் கேளுங்கள். பிறகு "இப்பிடி ஒண்டு வரேல்லையே" என்றால் கையில் ஒன்று வேண்டும்.

செப்டெம்பர் 12 – வெள்ளி

செயற்கைக் காலைக் காட்ட ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குப் போனேன். 1987 இல் இருந்து யாழ்ப்பாணத்தில் கால் செய்து கொடுக்கிறார்கள். எத்தனை சண்டை வந்து போய் விட்டது, அவர்கள் வேலை மட்டும் குறையவில்லை. இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் சலரோகத்தில் கால் எடுத்தவர்கள் மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

என் எஞ்சிய கால் மெலிந்து விட்டதாம். அதனால்தான் சொக்ஸுக்கு மேல் சொக்ஸ் போட்டும் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் லொட லொட என்று ஆடுகிறது, முன் எலும்பில் புண் வருகிறது. புதிதாக அச்சு எடுக்க வேண்டும். சாந்துத் துணியைச் சுற்றிவிட்டு அது காயும் வரைக்கும் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். புண் ஆறும் வரைக்கும் காலைக் கழற்றி வைக்கவும் சொன்னார்கள். கழற்றி வைத்து விட்டு மருதனார்மடத்தில் பஸ் ஏறுவது எப்படி?

பக்கத்துக் கதிரையில் கிளிநொச்சி அண்ணை ஒருவர். அவருக்குத் தொடையோடு இல்லை. அவருடைய முதல் கால் சண்டைக் காலத்தில் வன்னியில் செயற்கைக் கால் செய்த வெண்புறா நிறுவனத்தில் போட்டது, என்னுடையதும் அங்கேதான். பிறகென்ன, கதைக்குக் குறைவில்லை.

அவர் சொன்னார்: "ஆமிக்காரனுக்குக் கால் போனால் பென்சன். எங்களுக்கு ஆர் தாறது? குடுக்கவேண்டிய ஆக்களே இல்லையே."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே யோசித்துக் கொண்டு வந்தேன். ஆமிக்காரருக்கு அவர்களின் நலன் பார்க்க ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அப்படி இருந்தும் 12 வருடச் சேவை முடிய முதல் காயப்பட்டு விலகியவர்கள் பென்சன் கேட்டுக் கொழும்பில் ரோட்டில் இருந்தார்கள். ஊன்றுகோலோடு இருந்த அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் கால் கால்தான். ஆனால் அவன் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது, இன்ன படைப்பிரிவு, இன்ன இலக்கம் என்று சொல்லிக் கேட்க முடிகிறது. நாங்கள் எந்தப் படையில் இருந்தோமோ அது இன்றைக்கு இல்லை. எதிர்த்துச் சண்டை பிடித்த அரசாங்கத்திடம்தான், அதன் பிரஜையாக, ஏழை என்று சொல்லிக் கேட்கிறோம். இது மானக்கேடு என்று வெளிநாட்டில் இருந்து ஒருவர் போன தடவை எனக்கு எழுதியிருந்தார். தம்பி, உப்புப் புளிக்கு வரி நானும்தான் கட்டுகிறேன். கேட்பேன்.

செப்டெம்பர் 25 – வியாழன்

தீபாவளி ஓடர் தொடங்கி விட்டது. சாறிச் சட்டை, அரைச்சாறி, பிள்ளைகளின் சட்டை என்று துணிக்கட்டு சுவர் உயரத்துக்கு நிற்கிறது. நல்ல மாதத்தில் முப்பத்தையாயிரம் வரும். தை மாதத்தில் அதில் பாதியும் வராது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இந்த 2025 இல் 27,000 என்கிறார்கள், அது மாதச் சம்பளக்காரருக்கு. எங்கள் கடையில் ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) பிடிப்பதும் இல்லை. பிடித்திருந்தால், இனி அறவே வேலை செய்ய ஏலாது என்று டொக்டர் எழுதுகிற நாளில் அதையாவது முழுக்க எடுக்கலாம்.

அரச வேலையில் நூற்றுக்கு 3 வீதம் வலுவிழந்தோருக்கு என்று 1988 இலேயே சுற்றறிக்கை வந்ததாம். தகுதி வேண்டும். ஓ.எல். எடுக்கிற வயதில் நான் படித்தது வேறு பாடம்.

முதலாளி அக்கா கெட்டவர் இல்லை. இன்றைக்கு நான் பாயில் கிடக்கக் கண்டு, "உமக்கு ஏலாட்டிச் சொல்லும், வேற பிள்ளை பார்க்கிறன்" என்றார். கரிசனையாகத்தான் சொன்னார். அந்தக் கரிசனைதான் என்னைப் பயப்படுத்தியது. எழும்பிப் போய் இரண்டு சட்டைக்குக் கை பூட்டி விட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

ஒக்டோபர் 3 – வெள்ளி

ஒபிஸில் இருந்து போன். வியாழக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம்.

"வீட்டில நில்லுங்கோ."

"சேர், வேலைக்குப் போற நாள். அஞ்சு மணிக்குப் பிறகு வரேலாதோ?"

"அஞ்சு மணிக்குப் பிறகு எங்களுக்கு வேலை இல்லை அம்மா."

நியாயம்தான். எனக்கு உழைப்புக் குறைந்து விட்டது என்று காட்டுவதற்கு, தீபாவளி வாரத்துக்கு முதல் ஒரு நாள் உழைப்பை விட வேண்டும். முதலாளி அக்காவிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டு, சரி என்றார்.

ஒக்டோபர் 9 – வியாழன்

வந்தார்கள். உத்தியோகத்தரும் கூட ஒரு பயிலுநர் பிள்ளையும். பதினொன்றரை. அம்மா தோடம்பழக் கரைசல் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்கள்.

பிரச்சினை வீட்டால் வந்தது. எங்கள் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில், ஐந்தரை இலட்சம் தந்து கட்டச் சொன்ன வீடு. காசு காணாமல் பூச்சு இன்னும் உள்ளே மட்டும்தான். ஆனால் தாளில் அது கல்வீடு, ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், மலசலகூடம் உண்டு. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக அடையாளம் போடப் போட அம்மாவுக்குக் கோபம் வந்து விட்டது. "அது அவள் உழைச்சுக் கட்டினதில்லை பிள்ளை, தந்தது" என்றார். தந்தது, கட்டினது என்று பார்க்க அதில் இடமில்லை என்று பிள்ளை மெதுவாகச் சொன்னது. அதன் பிழை இல்லை.

உத்தியோகத்தர் கொஞ்சம் அனுபவக்காரர். என்னை நடக்கச் சொல்லவில்லை, காலைக் காட்டச் சொல்லவும் இல்லை. வேறு இடத்தில் அப்படிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் விடியவே பாவாடை உடுத்திக் கொண்டு நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மெசினில இருக்கேலும்?" அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. ஒரு முறைக்கு முக்கால் மணித்தியாலம், பிறகு படுக்க வேணும் என்றேன். தன்னுடைய குறிப்புப் புத்தகத்தில் எழுதினார், படிவத்தில் இல்லை. அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் குடுத்த திகதிக்குள் போட வேண்டும், டொக்டரின் கடிதத்தை இன்னும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கோ என்று சொல்லி விட்டுப் போனார்.

பின்னேரம் முழுக்க வீட்டுக்குக் கொண்டு வந்த சட்டைகளுக்குக் கொளுக்கி தைத்தேன். கட்டிலில் சாய்ந்து கொண்டே செய்யலாம். கைவேலையை மட்டும் வீட்டுக்குத் தந்தால் என்ன என்று முதலாளி அக்காவிடம் கேட்க வேண்டும். ஒரு கொளுக்கி வரிசைக்கு என்ன காசு வரும் என்று கணக்குப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஒக்டோபர் 14 – செவ்வாய்

கடையில் பேசி முடித்தாயிற்று. தீபாவளி முடிய, கிழமையில் மூன்று நாள் கடை, மிச்சம் வீட்டில் கைவேலை. வருமானம் குறையும். புதுக் கால் அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சி.ரி.க்குத் திகதி மாசி மாதம்.

ஒபிஸில் இருந்து இன்றைக்கும் போன் வந்தது. பேங்க் புத்தகத்தின் முன்பக்கப் பிரதி வேண்டுமாம். நல்ல சகுனம் என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து விட்டார். ஜீ.எஸ்.ஸிடம் கேட்டேன். "அது எல்லாரிட்டயும் கேட்கிறவை அக்கா" என்கிறார்.