ஒரு நாவல் ப்ரூஃபில், இன்னொன்று பாதியில்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் புத்தகம் வரவேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரில் எடிட்டரின் குறிப்புகளும் பின்னாலேயே ப்ரூஃபும் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் பக்கங்கள்) வந்து சேரும். அடுத்த நாவலோ அப்போதுதான் எட்டாம் அத்தியாயத்தில் சூடு பிடித்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது: காலையில் புதியது, பிறகுதான் திருத்தம்.

திருத்தும்போது கண் குறை தேடப் பழகிவிடுகிறது. இரண்டு மணி நேரம் ஒற்றுப்பிழை பொறுக்கிவிட்டுப் புது அத்தியாயத்துக்கு வந்தால் முதல் வாக்கியத்தையே நாலு தடவை மாற்றிக்கொண்டிருப்போம். எழுதிவிட்டுத் திருத்தப் போனால் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் ஒரு டீ போதும்.

புதியதற்கு ஒரு மணி நேரம், முந்நூறு சொல். ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் நாளே கைவிடத் தோன்றும். எழுதும்போது எதையும் சரிபார்க்கப் போக வேண்டாம்; சந்தேகம் வந்த இடத்தில் @@ போட்டு, ‘@@ அந்த ஊருக்குக் கடைசி பஸ் எப்போது?’ என்று எழுதிவிட்டு நகருங்கள். கதைக்குள் அந்தக் குறி வராது என்பதால் பிறகு தேடினால் உடனே சிக்கும். முடிக்கும்போது, யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று இரண்டு வரி. மறுநாள் தொடங்க அது போதும்.

இரண்டு நாவலும் வேறு வேறு வட்டார வழக்கில் இருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மாலையெல்லாம் நெல்லைப் பேச்சைத் திருத்தியவர் மறுநாள் காலை கொங்குக் கவுண்டச்சியை ‘அவிய வந்தாவ’ என்று பேசவைத்துவிடுவார். எழுதும்போது காதில் உறைக்காது. ஒவ்வொரு நாவலுக்கும் அதற்கே உரிய சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, உட்காரும் முன் அந்த நாவலின் உரையாடல் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

திருத்தத்தில் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்க நினைப்பதுதான் பெரிய தவறு. முதல் சுற்றில் காட்சிகளின் வரிசை, காலக்கணக்கு. அடுத்ததில் வாக்கியம். ஒற்றும் சந்தியும் கடைசியில். எப்படியும் வெட்டப்போகிற பத்தியில் க், ச் போட்டுக்கொண்டிருப்பது வீண்வேலை.

பாத்திரத்தின் பெயரை மாற்றுவது தமிழில் தனித் தலைவலி. ‘செல்வம்’ என்பதை ‘முருகன்’ ஆக்க கணினியில் ஒட்டுமொத்த மாற்று (Replace All) கொடுத்தால் செல்வத்தை, செல்வத்திடம், செல்வத்துக்கு எல்லாம் அப்படியே நிற்கும். ‘கல்விச்செல்வம்’ மட்டும் ‘கல்விச்முருகன்’ ஆகியிருக்கும். ‘மணி’ இன்னும் மோசம், ஐந்து மணிக்கு வரவேண்டிய பஸ்ஸும் பெயர் மாறிவிடும். ‘செல்வ’ என்று தேடி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

லேஅவுட் (பக்க வடிவமைப்பு) முடிந்தபின் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சாகும் புத்தகம் 256 பக்கத்தில் சரியாக முடிந்திருக்க, நீங்கள் ஆசையாக நுழைத்த ஒன்றரைப் பக்கம் பதினேழாவது ஃபாரத்தைக் கேட்கும். பதிப்பாளர் முகம் சுளிப்பது நியாயமே. ஒரு வரி சேர்த்தே ஆகவேண்டுமென்றால் அதே பக்கத்தில் ஒரு வரி வெட்டுங்கள். எழுத்துரு மாற்றியிருந்தால் ஸ்ரீ, ஔ வரும் இடங்களையும், சொல் உடைந்து மெய்யெழுத்தில் தொடங்கும் வரிகளையும் தனியாக ஒருமுறை பார்ப்பது நல்லது.

ப்ரூஃபைத் தாளில் பாருங்கள். திரையில் பார்த்தால் அதே கணினியில் இருக்கும் புது நாவல் கூப்பிடும். திரையில் தப்பிய பிழையும் தாளில் மாட்டும்.

வெட்டிய காட்சியைப் புது நாவலில் ஒட்டும் ஆசை கட்டாயம் வரும். தனிக் கோப்பில் போட்டு மூடி வையுங்கள். வேறு பாத்திரங்களுக்காக எழுதியது, இங்கே வந்தால் ஒட்டாது.

ப்ரூஃப் வாரத்தில் முந்நூறை நூறாகக் குறைக்கலாம், பூஜ்யமாக்க வேண்டாம். பத்துநாள் விட்டால் கதையைப் பிடிக்க முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டிவரும். படிக்கப்போய் கை திருத்த ஆரம்பித்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. கதைசொல்லியை மாற்றுங்கள், ஒரு பாத்திரத்தையே நீக்குங்கள் என்று எடிட்டர் சொல்லி, அது சரியென்றும் பட்டால் புதியதை முழுதாக நிறுத்திவிடுங்கள். அது திருத்தமே அல்ல, பாதி நாவலை மறுபடி எழுதுவது. இரண்டு நாவலை ஒரே நேரத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கைகூடுவதில்லை.