புதன்கிழமைக் கவாத்து

அத்தை லட்சுமியாக நினைத்து வளர்க்கிற ஜேடு செடி ஒருவழியாக இன்று வெட்டப்பட்டது. பஞ்சாயத்து பொங்கலிலிருந்து ஓடுகிறது. வெள்ளிக்கிழமை வெட்டினால் லட்சுமி போய்விடுவாள், செவ்வாய் ஆகாது, சனி வேண்டாம், நடுவில் அமாவாசை வேறு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று மாமாதான் முடித்துவைத்தார். அவர் அவசரம் அவருக்கு: செடி படிக்கட்டுக் கைப்பிடியைத் தாண்டி, கீழே நிற்கிற அவர் ஸ்கூட்டர் சீட்டில் உட்காரப் பார்க்கிறது.

முதல் விஷயம், அது ஜேடே இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டைப் படிக்கட்டுகளில் அந்தப் பேரில் நிற்பதில் பலவும் போர்ட்டுலகேரியா, தென்னாப்பிரிக்காவில் யானை மேய்கிற புதர். குட்டி வட்ட இலை, செம்பழுப்புத் தண்டு. அசல் ஜேடுக்கு இலை பெரிசு, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சுலபமாக அழுகும். யானை தின்னும் என்றதும் அத்தைக்குப் பிள்ளையார் ஞாபகம் வந்து, கத்தி மறுபடி உள்ளே போனது. அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது.

தினம் அரிசி கழுவின தண்ணி, வெளிச்சம் ஒரே பக்கம், தொட்டியைத் திருப்பினதே கிடையாது. அப்புறம் ஏன் நீளாது? வெட்டுவதற்கு நாலைந்து நாள் முன்பே தண்ணியை நிறுத்தணும், வெட்டுவாய் சீக்கிரம் ஆறும். மாமா காகிதம் வெட்டுகிற கத்தரியோடு வந்தார். அது தண்டை நசுக்கும், நசுங்கின இடம் அழுகும். ஸ்பிரிட்டில் துடைத்த கூர்கத்திதான் சரி. சாய்ந்த பக்கத்துக் கனமான கொம்பில் ஆரம்பம். இலை உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கோடு ஓடும், அதுதான் கணு. அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால் மிச்சக் குச்சி காய்ந்து தானே விழுந்து, கணுவில் எதிரெதிராக இரண்டு துளிர் கிளம்பும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

"எடுத்தா செத்துடுமா?"

"சாகாது அத்தை. உள்ள நிழல்லயே இருந்த தண்டு திடீர் வெயில்ல வெந்துடும்."

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கத்தியைத் தொடவே கூடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டின மாதிரி கொட்டினால் வெட்டுவாய் காயவே காயாது. தண்டு பழுப்பாகிக் கொழகொழவென்று போனால், உள்சதை சுத்தப் பச்சையாகத் தெரிகிறவரை மறுபடி நறுக்குவதைத் தவிர வழியில்லை.

வெட்டினது பதினோரு போத்து. அடியிலைகளை உருவி, நிழலில் நாலைந்து நாள் போட்டு வாய் காய்ந்த பிறகுதான் நடணும். செம்மண், ஆத்து மணல், செங்கல் ஜல்லி சம பங்கு, கைப்பிடி தொழு உரம். மணலுக்கு அத்தை ஒரு பையனை வாளியோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்; உப்பு வேரைத் தின்னும் என்று தெருமுனையிலேயே அவனைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நட்டு ஒரு வாரம் தண்ணி கூடாது. அரிசித் தண்ணியும் தண்ணிதான் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

பக்கத்து வீட்டுக்கு ரெண்டு கொடுக்கலாமே என்றார் மாமா. "லட்சுமிய எடுத்து எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பாங்களா?" என்று அத்தை கேட்டுவிட்டு, பதினோரு தொட்டிக்கும் வெளிச்சம் வருகிற, ஆனால் நேர்வெயில் படாத இடம் எது என்று விசாரித்தார். அந்த வீட்டில் அப்படி இருப்பது ஒரே இடம். ஸ்கூட்டரை இனி தெருவில் நிறுத்தணுமாம்.